காசில் ஏறிய ஜன்னல்

என் அடுப்படி ஜன்னல் ஒரு காசில் இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். அரசாங்கம் வெளியிட்ட நினைவு நாணயம் அது. ஒரு பக்கம் கோட்டை, மறுபக்கம் தேசச் சின்னம், சுற்றிலும் 'நம் மரபு நம் பெருமை' என்று எழுத்து. கோட்டையின் மேற்கு மதிலில் உற்றுப் பார்த்தால் கடுகளவுக்கு ஒரு குழி தெரியும். உற்றுப் பார்க்காவிட்டாலும் தெரியும், அதுதான் வினையே. அந்தக் குழிக்குப் பின்னால் நின்றுதான் நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பால் காய்ச்சினேன், பாத்திரம் கழுவினேன், வீட்டுக்காரரோடு சண்டை போட்டேன்.

கோட்டைக்குள் குடியிருந்தோம் என்றதும் ராஜ வம்சம் என்று நினைத்துவிட வேண்டாம். என் மாமனார் கொத்தனார். மதில் சரிந்தபோது பழுது பார்க்க வந்தவர். வேலை முடியும்வரை தங்கிக்கொள் என்று மதிலின் உட்புறத்தை ஒட்டி ஒரு அறையைக் கொடுத்தார்கள். கோட்டை மதிலுக்கு வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது? இந்தப் பக்கம் பூசினால் அந்தப் பக்கம் உதிரும். கூட வந்த வேலையாட்களும் பக்கத்திலேயே அறைகளை எழுப்பிக்கொள்ள, வரிசையாக வீடுகள் ஆகிவிட்டன. மேலதிகாரிகளும் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

எங்கள் அறைக்கு வாசலைத் தவிர வேறு திறப்பு கிடையாது. அடுப்பு மூட்டினால் புகை போக வழியில்லாமல் மாமியார் இருமி இருமியே பாதியாகிப் போனாராம். பார்த்துப் பொறுக்காமல் மாமனார் ஒரு விடுமுறை நாளில் மதிலில் ஓட்டை போட்டார். அவருக்கு அரைகுறை வேலை ஆகாது. விழுந்து கிடந்த பழைய கற்களையே பொறுக்கி நிலை வைத்தார், மேலே வளைவு கட்டினார், இடுக்கில் பழைய பாணியில் சுண்ணாம்பு வைத்து அடைத்தார். கோட்டையைக் கட்டினவனே எழுந்து வந்து பார்த்தாலும், இதை நாம்தான் வைத்தோமோ என்று தலையைச் சொறிவான்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். வேறு தடத்துக்கு மாற்றுகிறோம் என்று எத்தனையோ முறை கூப்பிட்டும் போகாமல், கோட்டை வழியாகப் போகும் தடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தவர். மலையடிவாரத்தில், மேற்கு மதிலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம். வேலை முடிந்து இறங்கினதும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். ஜன்னலில் வெளிச்சம் இருந்தால் நான் வீட்டில் இருக்கிறேன், நேராகப் படியேறி வரலாம். இல்லையென்றால் கடைத் தெருவில் இருக்கிறேன், என்னையும் பையையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அமைந்தது. ஒருமுறை அவர்மேல் இருந்த கோபத்தில் வேண்டுமென்றே விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். மனிதர் கடைத் தெரு முழுவதும் அலைந்துவிட்டு வியர்த்துப் போய் வந்து நின்றார். அதற்குப் பிறகு எவ்வளவு கோபம் வந்தாலும் விளக்கை மட்டும் அணைத்ததில்லை.

இப்படி இருந்த எங்கள் நிம்மதிக்கு வேட்டு வைத்தது அந்த விழா. கோட்டையைத் தேசிய மரபுச் சின்னமாக அறிவிக்கப் போகிறார்கள், நாணயம் வெளியிடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பேச்சுக்குப் பின்னாலேயே மரபுத் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எப்போதும் கையில் அளவு டேப் வைத்திருந்ததால் எங்கள் வரிசையில் அவருக்கு டேப்புக்காரர் என்று பெயர் விழுந்தது. கத்திப் பேச மாட்டார். அளந்துகொண்டே பேசுவார்.

"எது பழசோ அது இருக்கும்மா. எது புதுசோ அது போயிடும். அவ்வளவுதான்," என்றார் என் வாசலை அளந்தபடி.

"அப்ப நாங்க?"

"விழா முடிஞ்சதும் ஒரு விசாரணை வைப்போம். இந்த வீடுங்களுக்கும் கோட்டைக்கும் சம்பந்தம் இருக்குன்னு ஏதாவது ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க. இல்லன்னா ஊருக்கு வெளியே அடுக்குமாடில இடம் குடுப்பாங்க."

டேப்பு சுருண்டு பெட்டிக்குள் ஓடிய சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

பக்கத்து வீட்டுத் தையல்காரி அன்றைக்கே சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் கட்டவில்லை. எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அந்தக் காசுக்குக் கோட்டையைச் செதுக்கும் வேலை யாரிடம் வந்திருந்தது தெரியுமா? என் தம்பியிடம்.

தம்பி நாணயச் சாலையில் உருவம் செதுக்குகிறவன். அப்பா அம்மா போன பிறகு எங்களோடு இருந்துதான் படித்தான். அடுப்படி ஜன்னலில் விழும் வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் படம் வரைந்து பழகினான். நான் வெங்காயம் நறுக்குவேன், அவன் அதை வரைவான், கண்ணீர் மட்டும் இரண்டு பேருக்கும் வரும். காசு என்றால் நேராக எஃகில் வெட்டிவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். முதலில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு பிளாஸ்டரில் ஒரு வட்டம் வார்த்து, அதில் மொத்தத்தையும் கையால் செதுக்க வேண்டும். பிறகு ஒரு இயந்திரம் அதன் மேடு பள்ளங்களை ஊசியால் தடவித் தடவி, காசு அளவுக்குச் சுருக்கி எஃகில் வெட்டும். அந்த எஃகுதான் அச்சுக்குத் தாய் என்பான் தம்பி.

கோட்டையை வரைந்து எடுக்க அவன் வந்த அன்று மதியம், அடுப்படியில் தட்டை வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"காசுல எல்லாம் அப்படியே வருமாடா?"

"எங்கக்கா. ஆன்டெனா கூடாது, தண்ணித் தொட்டி கூடாது, துணிக்கொடி கூடாதுன்னு காசுப் படத்தை முடிவு பண்ற குழு சொல்லியிருக்கு. மதிலுக்கு மேல தலை நீட்டுற எதுவும் கூடாதாம்."

"ஜன்னல்?"

அவன் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். "அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல. மறந்திருப்பாங்க."

"அப்ப வை."

"அக்கா, இது மாமாவோட அப்பா வெச்ச ஜன்னல். கோட்டையோடது இல்ல."

"கல்லு கோட்டையோடதுதானே? மதில் கோட்டையோடதுதானே? காசுல ஜன்னல் இருந்தா, ஜன்னல் கோட்டையைச் சேர்ந்ததுன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரி. ஜன்னல் இருந்தா வீடு இருக்கணும். இதைவிட என்னடா ஆதாரம் வேணும்?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வேலைக்குச் சேர்ந்து நிரந்தரமாகி அதிக நாள் ஆகவில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் தலைக்கு மேல் இருக்கிற கூரை போகும்போது தம்பியின் சங்கடத்தை எடைபோட்டுப் பார்க்க யாருக்கு மனசு வரும்?

"நீ உக்காந்து வரைஞ்ச ஜன்னல்டா இது," என்றேன்.

அது அவனைத் தைத்துவிட்டது. தொழில் பேசுகிற குரலில் சொன்னான். "வெச்சா ஆழமா வெட்டணும்க்கா. சின்னதா இருக்கிறதை அப்படியே விட்டா சுருக்கும்போது அழிஞ்சு போயிடும். கொஞ்சம் பெரிசாவும் ஆழமாவும் வெட்டினாத்தான் காசுல தங்கும்."

"தங்கட்டும். நல்லா ஆழமா வெட்டு."

அவன் வெட்டினான். பிளாஸ்டரைக் குழு முன் வைத்த நாளைப் பற்றி வந்து சொன்னான். நீள மேசை, பச்சைத் துணி, சுற்றிலும் பெரிய மனிதர்கள். டேப்புக்காரர்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். வாசல் கோபுரத்தைப் பார்த்தார், கொத்தளத்தைப் பார்த்தார், ஜன்னலுக்கு வந்ததும் கண்ணாடி நின்றுவிட்டது.

"இது என்னப்பா?"

"அங்க இருக்கு சார். பார்த்ததைத்தான் செதுக்கினேன்," என்றானாம் தம்பி.

டேப்புக்காரர் கோட்டையின் புகைப்படத்தை வாங்கிப் பார்த்தார், மறுபடி பிளாஸ்டரைப் பார்த்தார். "நாங்க இத்தனை நாள் இதைக் கவனிக்கவே இல்லையே. நல்ல கண்ணுப்பா உனக்கு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை. ஜன்னலுக்குப் புதுத் திரை தைக்கச் சொல்லித் தையல்காரியிடம் துணி கொடுத்தேன். அவள் கட்டி வைத்த சாமானை அவிழ்த்துத் தையல் மெஷினை வெளியே எடுத்தாள். "என் தகரக் கூரையையும் போடச் சொல்லியிருக்கலாம்லக்கா. நானும் காசு பார்த்த மாதிரி இருந்திருக்கும்," என்றாள். வரிசையில் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு இப்போது ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

விழா நடந்தது. எங்களை வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதால், மேளச் சத்தத்தை உள்ளிருந்தே கேட்டோம். சாயங்காலம் தம்பி நீலப் பெட்டியில் ஒரு காசைக் கொண்டுவந்தான். திறந்தேன். முதலில் கண்ணில் பட்டதே என் ஜன்னல்தான். வாசல் கோபுரம்கூட அதற்குப் பிறகுதான். காசு பளபளவென்று இருக்க, அந்த ஒரு இடத்தில் மட்டும் கருப்பாக நிழல் விழுந்திருந்தது.

"கொஞ்சம் ஆழம் கூடிப்போச்சு அக்கா," என்றான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"கூடினா என்ன, நல்லதுதானே."

என் வீட்டுக்காரர் மட்டும் காசை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் இல்லையே. நீ வீட்ல இல்லாத மாதிரி இருக்கு," என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்களேன் என்று அதட்டினேன்.

பிறகு செய்தித்தாளில் வந்தது. நாணயத்தில் இடம்பெற்ற மேற்கு ஜன்னலைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை. அதற்குக் காவல் சாளரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எதிரி வருவதைப் பார்க்க வீரர்கள் அங்கே நின்றார்களாம். நான் அங்கே நின்று பார்த்ததெல்லாம் தண்ணீர் லாரி வருகிறதா என்றுதான். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். காவல் சாளரமோ கத்தரிக்காய்ச் சாளரமோ, ஜன்னல் பெரிய ஆளாகிவிட்டது, இனி யார் நம்மை அசைப்பார்கள் என்று நினைத்தேன்.

விசாரணைக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். துறை அலுவலகத்தில் ஒரு நீள அறை, மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலிகள். தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். என் முறை வந்ததும் எழுந்து போய், நீலப் பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தேன்.

"ஆதாரம் கேட்டீங்களே சார். இதோ. இந்த ஜன்னல் என் வீட்டு ஜன்னல்."

டேப்புக்காரர் காசைப் பார்த்து, பழகின முகத்தைப் பார்த்ததுபோலச் சிரித்தார். "பாருங்க, நீங்களே கொண்டு வந்துட்டீங்க. விஷயமே இதுதாம்மா. தேசத்தோட காசுல வர்ற சாளரத்துக்கு அடியில அடுப்பு எரியலாமா? புகை பட்டு வளைவெல்லாம் கருத்துப் போயிருக்கு. மத்த வீடுங்களுக்காவது கொஞ்சம் அவகாசம் குடுக்கலாம். உங்க வீட்டை முதல்ல காலி பண்ணணும்."

காசை அவர் பக்கமாக இன்னும் நகர்த்தினேன்.

"அந்த ஜன்னலை வெச்சதே என் மாமனார்தான் சார். அடுப்புப் புகை போறதுக்குத்தான் வெச்சார்."

"இங்க இருக்கிறவங்க எல்லாருமே இப்படி ஏதாவது சொல்றாங்கம்மா. தாத்தா கோபுரம் கட்டினார், பாட்டன் பீரங்கி வெச்சார்னு. கல்லைப் பார்த்தாலே தெரியுது எந்தக் காலம்னு."

"கல்லு பழசு சார். ஜன்னல் புதுசு."

அவர் பேனா மூடியைத் திறந்தார். குரல் மாறவே இல்லை. "அப்படியே எழுதிக்கட்டுமா? உங்க குடும்பம் மதிலை உடைச்சதுன்னு? எழுதினா நாணயச் சாலைக்கும் தெரிவிக்கணும். புதுசா போட்ட ஓட்டையைப் பழசுன்னு தேசத்தோட காசுல ஏத்தினது யாருன்னு விசாரிப்பாங்க."

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தம்பி எழுந்து நின்றுகொண்டிருந்தான். வாய் திறக்கப் போகிறான் என்று தெரிந்துவிட்டது. என் கையால் சோறு போட்டு வளர்த்த பிள்ளை. எத்தனையோ இடத்தில் படம் காட்டி, கெஞ்சி, கடைசியில் கிடைத்த வேலை.

"உக்காருடா," என்றேன்.

அவன் உட்காரவில்லை. "உக்காருன்னு சொன்னேன்ல?" என்றேன் மறுபடி. உட்கார்ந்தான்.

"ஒண்ணும் எழுத வேண்டாம் சார்," என்று டேப்புக்காரரிடம் சொன்னேன். பெட்டியை மூடி எடுத்துக்கொண்டேன்.

பழசு என்றால் நாங்கள் வெளியே. புதுசு என்றால் நாங்களும் வெளியே, தம்பியும் வெளியே. எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் சுடுகிற பாத்திரமாக அதை நானே அடுப்பில் ஏற்றியிருந்தேன். ஆழமா வெட்டு, ஆழமா வெட்டு என்று சொன்னது வேறு யாரும் இல்லையே. தம்பி சொன்ன மாதிரி, வெட்டாமல் விட்டிருந்தால் சுருக்கும்போது அழிந்திருக்கும். யார் கண்ணிலும் பட்டிருக்காது. தையல்காரியைப் போல நாங்களும் இன்னும் ஒரு மழைக்காலம் அங்கே இருந்திருப்போம்.

காலி செய்தோம். புதுத் திரையை ஜன்னலில் ஒருநாள்கூட மாட்டவில்லை. அடுக்குமாடியில் எங்கள் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் குளியலறைக் குழாய்கள். திரை அங்கேதான் தொங்குகிறது. தம்பிக்குக் கூர்ந்த பார்வைக்கென்று பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், மேசையும் மாற்றிக் கொடுத்தார்கள். அவன் வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் தண்ணீர் குடித்துவிட்டு, "வரேன்க்கா," என்று எழுந்துவிடுகிறான். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான்.

வீடுகளை எல்லாம் இடித்துவிட்டுப் புல் வளர்த்திருக்கிறார்களாம். தையல்காரி டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஜன்னலைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். வளைவில் இருக்கிற கரியைக் காட்டி, பீரங்கிப் புகை என்று வழிகாட்டி சொன்னானாம்.

"உங்க மண்ணெண்ணெய் ஸ்டவ் பீரங்கியாயிடுச்சுக்கா," என்று சிரித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதையெல்லாம்கூட நான் விழுங்கியிருப்பேன். போன வாரம் நடந்ததைத்தான் விழுங்க முடியவில்லை.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும் நேரம் தாண்டிவிட்டது. டிப்போவிலிருந்து புதுவீட்டுக்கு வேறு பஸ் பிடித்து வரவேண்டும். எங்கேயாவது நெரிசலாக இருக்கும் என்று இருந்தேன். வந்தவர் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கால்சட்டை விளிம்பில் செம்மண்.

"என்னங்க, எங்க போனீங்க?"

"மேல போயிட்டேன்."

"மேலன்னா?"

"வீட்டுக்கு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேலை முடிஞ்ச அசதி. கோட்டை ஸ்டாப்ல இறங்கிட்டேன். எப்பவும் போலத் தலையைத் தூக்கினேன். விளக்கு எரிஞ்சுது. நம்ம ஜன்னல்ல. சரி, நீ வீட்லதான் இருக்கேன்னு ஏறிட்டேன். கதவுகிட்ட காவலாளி நிறுத்தினான். மூடியாச்சு, நாளைக்கு டிக்கெட் வாங்கிட்டு வாங்கன்னான். உள்ள ஆள் இருக்குப்பா, விளக்கு எரியுது பாருன்னு அவன்கிட்ட சண்டைக்குப் போயிட்டேன்."

அவர் யாரோடும் சண்டைக்குப் போகிறவர் இல்லை. சாப்பாடு போட்டேன். இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் கோட்டைக்குப் போனேன். கதவில் நின்ற காவலாளி சின்ன வயசுக்காரன், மரியாதை தெரிந்தவன். நேற்று ஒரு கண்டக்டர் வந்தாரே, அவர் என் வீட்டுக்காரர் என்றதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"தப்பா எதுவும் பேசலைங்கம்மா நான்."

"நீ பேசினேன்னு சொல்லலப்பா. ஒரு உதவி கேக்கத்தான் வந்தேன். மேற்கு மதில் ஜன்னல்ல ஒரு விளக்கு எரியுதாமே. அதை மட்டும் அணைச்சுடேன்."

"அது காசுல இருக்கிற ஜன்னலுங்கம்மா. கீழ ரோட்ல போறவங்களுக்குத் தெரியணும்னு போட்டிருக்காங்க. அணைக்க எனக்கு உத்தரவு இல்ல."

"சுவிட்ச் எங்கன்னாவது சொல்லு. நானே அணைச்சுட்டுப் போயிடறேன். எனக்கு அந்த இடம் தெரியும்."

அவன் சங்கடமாகச் சிரித்தான். "சுவிட்சே இல்லைங்கம்மா. இருட்டினா தானா எரியும், விடிஞ்சா தானா அணையும்."

அதற்கு மேல் அவனிடம் கேட்க என்ன இருக்கிறது? படியிறங்கி நிறுத்தத்துக்கு வந்து நின்றேன். அந்த இடத்திலிருந்து என் ஜன்னலை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய நேரத்திலெல்லாம் நான் உள்ளே இருந்தேன். வானம் மங்கியது. யாரும் தொடாமல் விளக்கு எரிந்தது. என் விளக்கின் அதே மஞ்சள். அவர் ஏமாந்ததில் தப்பே இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் நானே படியேறியிருப்பேன்.

அவருடைய பஸ் வந்தது. படியில் நின்று வந்தவர், வண்டி நிற்கும் முன்பே தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பிறகுதான் கீழே நின்ற என்னைப் பார்த்தார். கையை நீட்டி ஏற்றிக்கொண்டார். விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது.

காலியாக இருந்த பின்சீட்டில் உட்கார்ந்தேன். டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"வேற ரூட் கேட்டு வாங்கிடுங்களேன்," என்றேன்.

"கேட்டுட்டேன்," என்றார். "காலைலயே கேட்டுட்டேன்."